தையல் போடாத கண்

கண்ணில் வெண்புரை முற்றிவிட்டது, வெட்டத்தான் வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கேதீஸ்வரிக்குச் சந்தோசம் பிடிபடவில்லை.

காரணம், மானிப்பாயில் இருக்கும் அக்கா பராசக்தி. தன் மகள் நிவேதனா பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டில் பாயாசம் தண்ணியாக இருக்கிறதென்று அக்கா சொல்லப்போக, ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தானாகப் போய்க் கதைக்கக் கேதீஸ்வரியின் மானம் விடாது. ஆனால் நோயாளியிடம் வருத்தம் பார்க்க வருவதற்கு யாருடைய மானமும் குறுக்கே நிற்காது. அந்தக் காலத்தில் அம்மாவுக்குக் கண் வெட்டியபோது, தலை அசையாதபடி இருபக்கமும் மணல்மூட்டை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். கோபித்துக்கொண்டு திரிந்த சனமெல்லாம் தோடம்பழத்தோடு வந்து அழுதுவிட்டுப் போனது.

இந்தக் காலத்து டொக்டர் காரியத்தையே கெடுத்துவிட்டார். மூன்று மில்லிமீற்றர் வெட்டு. பழைய வில்லையை உடைத்து உறிஞ்சி, புது வில்லையைச் செருகி, கால் மணித்தியாலத்தில் "எழும்புங்கோ அம்மா, வீட்டை போகலாம்" என்றார்.

"தையல்?"

"தேவையில்லை."

"ஒண்டாவது போடுங்கோவன்."

மறுநாளே மாமரத்தில் எறும்பு ஏறுவது தெரிந்தது. அதைச் சொல்லிச் சந்தோசப்படவும் வழியில்லை. சுகமென்று கேள்விப்பட்டால் அக்கா ஏன் வருவாள்? 'பெரிய ஒப்பரேசன்' என்று மானிப்பாய்க்குச் சொல்லியனுப்பிவிட்டுக் கேதீஸ்வரி முனகப் பழகினாள். படலை திறக்கும் சத்தம் கேட்டால் முனகல் கூடும். வந்தவர் பால்காரர் என்றால் நின்றுவிடும்.

ஐந்தாம் நாள் வாசலில் அக்காவின் இருமல் கேட்டது. கேதீஸ்வரி பாய்ந்து கட்டிலில் விழுந்து, டொக்டர் தந்த பிளாஸ்டிக் கண்மூடியை எடுத்துக் கண்ணில் ஒட்டிக்கொண்டாள்.

பராசக்தி தோடம்பழப் பையை வைத்தாள். மேசையிலிருந்த கண்மருந்தை எடுத்து, விடுவதற்காகக் கண்ணிலிருந்த மூடியை மெல்லத் தூக்கினாள்.

"எடியே, இதிலை வெள்ளை அப்பிடியே கிடக்குது. வெட்டினது மற்றக் கண்ணெல்லோ?"

கேதீஸ்வரி அவசரமாக மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு முனகினாள்.

"எனக்கும் வைகாசியிலை வெட்டினது" என்றாள் அக்கா. "தையலுமில்லை, நோவுமில்லை. அப்பிடியிருந்தும் பத்து நாள் மூடியோடை படுத்துக் கிடந்தனான். நீ வரேல்லையடி."

"எனக்கு ஆரும் சொல்லேல்லையே, அக்கா!"

"சொல்லவேண்டாமெண்டு நான்தான் சொன்னனான்."

இரண்டு பேரும் அழுதார்கள். கண்ணைக் கசக்கக் கூடாதென்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"உங்கடை மற்றக் கண் எப்ப?"

"வாற மாதம்."

"நான் வாறன். பாயாசமும் கொண்டுவாறன்."

"வா" என்றாள் பராசக்தி. "இந்தமுறை இறுக்கிக் காய்ச்சு."