ஏற்கெனவே இருக்கிறது

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கணினியை முறைக்கிறார் வார்டு சிஸ்டர். சாப்பாட்டு டப்பா திறக்காமலே பக்கத்தில் இருக்கிறது. “இருக்குன்னு நீதானே சொன்னே? இப்ப இல்லைன்னா என்ன அர்த்தம்?” திட்டும்போதும் குரல் உயராது, நோயாளிகள் தூங்கும் இடத்தில் பழகிய பழக்கம். அந்த அடிக்குரலில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், கத்தியிருந்தாலே தேவலை என்பார்கள்.

பதினோரு வருடமாக டியூட்டி பட்டியலைக் கையால் எழுதி, பலகையில் ஒற்றைக் குண்டூசியில் தொங்கவிட்டவர். யாரும் வாய் திறந்ததில்லை. கணவரின் தங்கை அதே வார்டுக்கு நர்ஸாக மாற்றலாகி வந்ததுதான் வினை. போன மாதப் பட்டியலின் ஓரத்தில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள்: ‘அண்ணி ராஜ்ஜியம்.’ அந்த மாதம் நாத்தனாருக்கு மூன்று ஞாயிறு டியூட்டி! எழுதிய மகராசி அதைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை. சிஸ்டர் விடவில்லை. “இனிமே என் கையால எழுதினாத்தானே பேசுவீங்க? மிஷினே போடட்டும்!” என்று கணினிக்கு நிரல் எழுதும் வகுப்பில் சேர்ந்துவிட்டார். வெள்ளி மாலைக்குள் புதுப் பட்டியல் பலகைக்கு வர வேண்டும்.

குலுக்கல் போட்டு டியூட்டி பிரிப்பதற்கென்றே யாரோ முன்கூட்டியே எழுதிவைத்த நிரல்தொகுப்பு ஒன்று உண்டு, லைப்ரரி என்பார்கள்; பெயர் ரோஸ்டர். அதை இறக்கி நம் நிரலோடு சேர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்றார்கள் வகுப்பில். இறக்கினார். கூடவே ஒன்பது லைப்ரரிகள் வந்து இறங்கின. “ஒருத்தரைத்தானே கூப்பிட்டேன்? பேஷண்டுக்கு ஒரு ஆளுக்கு மேல நான் உள்ளயே விடறதில்ல, இங்க ஊரே வருது!” அதையும் பொறுத்துக்கொண்டு நிரலை ஓட்டினால், ரோஸ்டரில் குலுக்கல் வசதியே இல்லை என்கிறது. மறுபடி நிறுவப் போனால், ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. நான்கு நாள் மதிய இடைவேளை இப்படியே போயிற்று. “டாக்டருங்ககூட இப்படி மாத்தி மாத்திப் பேச மாட்டாங்க.”

வெள்ளி மதியம் மருந்தகத்திலிருந்து தொலைபேசி. ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி, மாத்திரை அனுப்பட்டுமா என்றார் அங்கிருந்தவர். சிஸ்டர் பிடித்துக்கொண்டார். “பேரை மட்டும் சொன்னா எப்படிங்க? அதே பேர்ல ரெண்டு பேர் படுத்திருக்காங்க. கிட்ட இருக்கறவங்களுக்குக் குடுத்துட்டுப் போயிடறதா? பெட் நம்பர் சொல்லுங்க!”

ரிசீவரை வைத்தார். நேரே கணினிக்குப் போய், தன் நிரலை எழுதிவைத்திருந்த கோப்பின் பெயரைப் பார்த்தார். அதுவும் ரோஸ்டர். கூப்பிட்டபோதெல்லாம் கணினி லைப்ரரியைத் தேடிப் போகாமல், பக்கத்திலேயே கிடந்த அவருடைய கோப்பை எடுத்துக்கொண்டிருக்கிறது. “அடச்சே! ஊருக்கெல்லாம் சொல்ற நானா இப்படி?” முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. கோப்புக்கு ‘வார்டு ஏழு’ என்று பெயர் மாற்றி ஓட்டினார்.

பட்டியல் வந்தது. குலுக்கலில் நாத்தனாருக்கு நான்கு ஞாயிறும் விடுமுறை.

எட்டிப் பார்த்த நாத்தனாருக்கு முகம் வெளிறிவிட்டது. “ஐயோ அண்ணி, வேணாம். இன்னொரு தடவை ஓட்டுங்க, வேற மாதிரி வரும்.”

ஒரு விசையைத் தட்டினால் போதும். சிஸ்டரின் விரல் அதன் மேல்தான் இருந்தது.

“எதுக்கு மாத்தணும்? யாருக்குப் பயந்து?”

தாளை அச்செடுத்துக்கொண்டு பலகைக்கு நடந்தார். மூலைக்கு ஒன்றாக நான்கு குண்டூசிகளைக் கட்டைவிரலால் அழுத்திக் குத்தினார்.