சகலையின் மஞ்சள் டிரில்

சகாதேவனுக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. பொறாமை மட்டும் இருந்தது. பௌர்ணமிக்கு மலை சுற்றக் கிளம்பினாலும் முன்னால் ஒருவன் போவது மனுஷருக்குப் பொறுக்காது. எட்டி நடந்து அவனைத் தாண்டிவிட்டுத்தான் அண்ணாமலையாரை நினைப்பார். மற்றபடி நல்லவர். செங்கம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். இரும்பில் துளை போடும் டிரில் மழுங்கினால், சாணைக் கல்லில் பிடித்து அவர் தீட்டுகிற முனைக்கு ஊரில் ஈடு கிடையாது.

எண்பத்தைந்தில் அதே ரோட்டில் சக்கரவர்த்தி பட்டறை போட்டான். சகாதேவனின் மனைவி உண்ணாமலையின் தங்கை தனத்தைக் கட்டியவன், ஆக, சகலை. போதாதா? மாமியார் வீட்டில் யாருக்கு முதல் இலை என்பதிலிருந்தே இருவரையும் எடை போட ஆள் இருந்தது.

அவன் மெட்ராஸிலிருந்து ஒரு டிரில் வாங்கி வந்தான். தங்க நிறம். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம் இட்டு நடுவில் வைக்க, தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அடி அண்ணாமலையில் புது ரைஸ் மில் கட்டிக்கொண்டிருந்த இராமலிங்கமும் பார்த்தார். மில்லுக்கு வேண்டிய கனத்த இரும்புத் தகடுகளுக்குத் துளை போடும் வேலையை அவர் யாருக்குத் தருகிறாரோ, அவர் பட்டறை வருஷம் முழுக்க ஓடும். சகாதேவனுக்குத்தான் என்று பேச்சு இருந்தது. இப்போது, "ரெண்டு பேருமே போட்டுக் காட்டுங்க, பாக்கலாம்" என்றுவிட்டார். சகாதேவனுக்கு அன்று சுண்டல்கூட இறங்கவில்லை.

"முலாம் பூசி ஊரை ஏமாத்துறான்" என்று வீட்டில் வந்து குதித்தார். தொல்லை தாங்காமல் உண்ணாமலை தங்கையிடம் கேட்டு அந்த டிரில்லை வாங்கி வந்தாள். அவர் அதைத் தேரடித் தெருப் பத்தர் அப்பாசாமியிடம் கொண்டுபோய், தங்கமா என்று உரைத்துப் பார்க்கச் சொன்னார். பத்தர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள் கோடு விழவில்லை. கல்லில்தான் கீறல் விழுந்தது.

"யோவ், என்னாய்யா கொண்டாந்த? என் கல்லையே கீறிடுச்சே!"

சகாதேவனுக்கு வயிறு இன்னும் ஜாஸ்தியாக எரிந்தது. அது வெறும் முலாமாக இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கலாம்; இதுவோ கல்லையே கீறுகிற பூச்சு. டிரில்லைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார்.

அவனுக்குப் பூச்சு என்றால் தனக்கும் பூச்சு. சைக்கிள் ஹேண்டில்பாருக்கு முலாம் போடும் கடைக்குத் தன் டிரில்லை எடுத்துப் போனார். "நல்லா தடிமனா போடுப்பா, கம்மி பண்ணாத" என்று பக்கத்திலேயே நின்று வாங்கி வந்தார். வெள்ளியாக மின்னியது. இராமலிங்கம் வந்து நின்றதும் தகட்டில் வைத்து இறக்கினார். டிரில் கிறீச்சிட்டது; பூச்சு பழைய சுவரின் சுண்ணாம்பு மாதிரி செதில் செதிலாக உதிர்ந்தது. "நாளைக்குச் சக்கரவர்த்திது பாக்கறேன்" என்று துண்டை உதறிக்கொண்டு முதலாளி போய்விட்டார்.

சாயங்காலம் சக்கரவர்த்தியே வந்தான். உதிர்ந்த செதிலைப் பொறுக்கிப் பார்த்தான், சிரிக்கவில்லை. சிரிக்காதது சகாதேவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சட்டைப்பையிலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்தான். பூச்சை உடைத்து, பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மிஷினில் வைத்து எடுத்தவை. டிரில் விற்ற கம்பெனிக்காரர் கொடுத்தாராம்.

"கனத்துல ஒண்ணும் இல்லண்ணே. இந்த மஞ்சப் பூச்சு தலைமுடியில பத்துல ஒரு பங்குகூட வராதாம். இந்த ரெண்டு படமும் ஒரே சரக்கு, ஒரே கனம். இத பாருங்க, கரும்புத் தோட்டம் மாதிரி நெட்டுக்குத்தா நிக்குது, நடுவுல சந்து. அழுத்தினா சந்து வழியா வெடிச்சுப் பூடும். இது என் டிரில்லுல இருக்கற மாதிரி; மணி நொய்யாட்டம் பொடிப்பொடியா, சந்தே இல்லாம நெருக்கமா இருக்கு. வெடிப்பு ஓட வழி இல்ல, அதான் தாங்குது. உள்ள எப்படி அடுக்கியிருக்குன்றதுலதான் எல்லாமே இருக்கு."

சகாதேவன் படங்களை வாங்கி உற்றுப் பார்த்தார். கண்ணுக்கே தெரியாத விஷயத்தில்கூட இவன் முந்திக்கொண்டானே என்றுதான் தோன்றியது.

"இப்ப அது மழுங்கிப் போச்சுண்ணே" என்று சக்கரவர்த்தி மஞ்சள் டிரில்லை நீட்டினான். "நான் தீட்டினா முனை கோணிக்குது. இந்த ஊர்ல உங்க கைக்கு மேல யாரு கை? காலையில முதலாளி வர்றாரு."

சகாதேவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தீட்டினால் முனையில் மஞ்சள் போய்விடும். மஞ்சள் போனால் அதுவும் சாதா டிரில்தானே! முனையையும் துளி கோணலாக விட்டால் கதை முடிந்தது. கேட்டால் பூச்சின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம். சாணையை ஓடவிட்டார். பொறி பறந்தது.

மறுநாள் வேடிக்கை பார்க்கப் போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றார். டிரில் வாழைத்தண்டில் இறங்குவது போல் தகட்டில் இறங்கியது. இரும்புச் சீவல் சுருள் சுருளாக மேலே வந்தது. மஞ்சள் போனது முனையில் மட்டும்தான். சீவல் உரசி ஏறுகிற பள்ளத்தில் பூச்சு அப்படியே இருந்தது. முனையோ, கம்பெனி கொடுத்ததைவிடக் கூர்.

"என்னாமா போவுது! வேலை உனக்குத்தான்பா" என்றார் இராமலிங்கம்.

"தீட்டினது எங்க அண்ணந்தாங்க" என்று சக்கரவர்த்தி கை காட்டினான். முதலாளி துளையைத் தடவிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

சகலையின் வேலையைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். தன் கைவேலையைப் பார்த்தே வயிறெரிந்தவர் சகாதேவன் ஒருவர்தான்.

மத்தியானம் உண்ணாமலை சோறு போட்டாள்.

"கெடுக்கணும்னுதானே வாங்குனீங்க? எனக்குத் தெரியாதா? அப்புறம் எதுக்கு அவ்ளோ நல்லா தீட்டிக் குடுத்தீங்க?"

அவர் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தி, அதையே பார்த்தார்.

"கெடுக்கத்தான்டி பாத்தேன்," என்றார். "இந்தக் கை கேக்கல."