அக்காவின் பத்து நிமிடமும் ஒரு பிஸ்கட் விளம்பரமும்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். போட்டோ கொப்பி, போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட், போனில் வரும் சில்லறைத் தலைவலிகள் எல்லாம் என் பொறுப்பு. பக்கத்தைத் திறந்ததும் தானாக ஓடுகிற விளம்பர வீடியோவை நிறுத்தித் தரச் சொல்லி ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். செட்டிங்கில் போய்ச் சத்தத்தை அடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அரை நிமிட வேலை. ஊருக்கெல்லாம் செய்துகொடுத்த நான் என் போனில் மட்டும் செய்து வைக்கவில்லை. சோம்பேறித்தனம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அம்மா இறந்தபோது அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். லீவு கிடைக்கவில்லை. அம்மாவை எடுக்கும்போது பத்து நிமிடம் போனில் பார்க்கலாம் என்று அந்த வீட்டு எஜமானி அனுமதி கொடுத்திருந்தாள். அதற்கே அக்கா அவள் காலைப் பிடிக்காத குறை. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் பாத்துக்கிட்டு இருக்கப்ப, என் பேருல ஒரு பிடி வாய்க்கரிசி போடுடா தம்பி."

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் என் சிம்முக்கு மட்டும்தான் ஒழுங்காகச் சிக்னல் வரும். அதனால் இருந்தது ஒரே போன். வாசலில் அம்மாவைக் கிடத்திய பெட்டியை வைத்திருந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. தப்பு மேளச் சத்தத்தில் அக்காவின் குரல் கேட்க வேண்டுமே என்று சத்தத்தை முழுதாக ஏற்றி வைத்திருந்தேன். அக்கா திரையில் வந்தாள். ஏதோ ஒரு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருந்தாள். அழக்கூட இல்லை. கண்ணை எடுக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் ஒவ்வொருவராக அரிசி போட்டு முடித்தார்கள். அப்போது பார்த்துக் கூட்டத்தில் ஒருவர், அம்மா போன நட்சத்திரம் அடைப்பு நட்சத்திரம் போலிருக்கிறதே என்று ஒரு வார்த்தையை விட்டார். எங்கள் ஆட்களுக்கு அது போதும். அடைப்பு என்றால் உயிர் போன அறையை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அறை என்று இருந்ததே ஒரு காம்பராதான். மாமா பதறிப்போனார். கடையில் கொடுத்த காலண்டரில் நட்சத்திரம் போட்டிருக்கவில்லை. பெட்டியைத் தூக்குமுன் தெரிந்தாக வேண்டும், போனில் பஞ்சாங்கம் பார் என்றார். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். தாய்மாமன் பேச்சை அந்த நேரத்தில் யார் தட்டுவது?

அக்காவைத் திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் தள்ளிவிட்டுப் பஞ்சாங்கப் பக்கத்தைத் திறந்தேன். நட்சத்திரம் வரவில்லை. பிஸ்கட் விளம்பரம் வந்தது. ஒரு குடும்பமே கைதட்டி ஆடிக்கொண்டு சிங்களத்தில் பாடியது, முழுச் சத்தத்தில். தப்படித்தவர் கையை நிறுத்திவிட்டார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

விளம்பரத்தை மூடக் கடுகளவு இருந்த பெருக்கல் குறியைத் தொட்டேன். விரல் ஈரம். இன்னொரு பக்கம் திறந்து அங்கே வேறொருவன் சிரித்தான். சத்தத்தைக் குறைத்தால் அக்காவின் குரலும் போய்விடும் என்ற பயம். "அத மொதல்ல நிப்பாட்டுப்பா," என்றார் மாமா. தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. டேட்டாவை அணைத்துவிட்டேன்.

பாட்டு நின்றது. அக்காவும் போய்விட்டாள்.

உடனே டேட்டாவைப் போட்டேன். அழைத்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மழை வலுத்தது. நட்சத்திரத்தையே மறந்துவிட்ட மாமா, பெட்டி நனையுது, அரிசியைப் போடு என்று அவசரப்படுத்தினார். கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்கள்? இடது கையில் போன், வலது கையில் அரிசி. அக்கா பேரில் ஒரு பிடி, என் பேரில் ஒரு பிடி. இரண்டையும் போட்டேன். கண் மட்டும் அந்த வட்டத்தில் இருந்தது, இதோ எடுத்துவிடுவாள், இதோ எடுத்துவிடுவாள் என்று. நிமிர்ந்தபோது மூடியைப் போட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் அக்காவால் பேச முடிந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லைன் போனது அவளுடைய போனில்தான் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு கேட்டாள்.

"நம்ம அரிசி போடுறப்ப அம்மா மொகம் எப்புடிடா இருந்துச்சி? நீ கிட்ட நின்னு பாத்திருப்பதானே."

நான் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தூங்குற மாதிரி இருந்தாங்கக்கா," என்றேன்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.