துளை அடைத்தவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

உன்னிச்சை வயல்களில் நாற்பது போகம் நெல் விளைவித்த கனகசூரியத்திற்கு, ஐம்பத்தோராம் வயதில், வாவிக்கரை விடுதியொன்றின் சிறிய கோல்ப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலை கிடைத்தது. தண்ணீர் கட்டத் தெரிந்தவர் என்பதே அவருடைய தகுதி.

முதலாம் ஆண்டு புரட்டாதியில் கொழும்பிலிருந்து ஓர் இயந்திரம் வந்தது. மிதிபட்டு இறுகிய தரைக்குள் காற்றுப் புகவேண்டும் என்பதற்காக, பந்து உருட்டும் மூன்று புல் மேடைகளிலும் விரல் பருமனில் மண்ணைக் குடைந்தெடுத்து, ஆயிரக்கணக்கான துளைகளை இட்டது. அவற்றை மணலால் நிரப்பும்படி சொல்லிவிட்டு, வந்தவர்கள் திரும்பினர். மணல் வரவில்லை.

கனகசூரியம் அறிந்த துளை ஒன்றுதான்: வரம்பில் நண்டு வளை போட்டால் வயல் தண்ணீர் வடிந்துவிடும். அதைக் கண்டும் காணாததுபோல் வீடு செல்ல அவரால் இயலாது. மூன்று நாட்கள் களிமண்ணைக் குழைத்து ஊற்றி, மட்டப்பலகையால் இழுத்து, துளைகளை அடைத்தார். கடைசி மேடையின் ஒரு மூலைக்கு மட்டும் களிமண் போதவில்லை.

முகாமையாளர் நிரோசன் வந்து பார்த்தார்.

"மெசின் போன அடையாளமே இல்ல. கெட்டிக்காரன் அண்ணன் நீங்க."

"ஓட்டையோட விட்டுட்டுப் போனா ஆக்கள் என்ன கதைப்பாங்க தம்பி."

அம்மாதத்தின் சிறந்த ஊழியருக்கான பாராட்டுப் பத்திரம் அவருக்குக் கிடைத்தது. மனைவி வசந்தாதேவி அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார்.

கார்த்திகையில் மாரி மழை பிடித்தது. மேடைகளில் சமமாக நின்ற தண்ணீரைக் கண்டு கனகசூரியம் மனம் குளிர்ந்தார். பத்தாம் நாள் புல் மஞ்சளித்து நாறியது. பிடுங்கிய பிடியோடு கறுத்த வேர்களும் வந்தன. களிமண் எட்டாத அந்த மூலை மட்டும் பச்சையாக நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது. விடுதியின் அறிக்கை மழையைக் குற்றஞ்சாட்டியது, அவரும் மறுக்கவில்லை.

புதிய புல் பதித்தார்கள். மறு புரட்டாதியில் இயந்திரம் மீண்டும் வந்துபோனது. ஆனால் அடுத்த வாரம் ஒரு போட்டி இருந்தது.

"போன முறை மாதிரி அடைச்சி விடுங்க அண்ணன். பெரிய ஆக்கள் வாறாங்க."

"அடைச்சா புல்லு செத்திரும் தம்பி."

"போன முறை அடைச்சீங்கதானே? பத்திரமும் தந்தம்."

"ஓம். அதாலதான் செத்த."

நிரோசன் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இதை வேற ஆருக்கும் சொல்லாதீங்க. ரெண்டு பேர்ட வேலையும் போகும். மழை எண்டு நான்தான் எழுதின."

கனகசூரியம் வேறு யாருக்கும் சொல்லவில்லை, அடைக்கவுமில்லை. வாவிக்கரையிலிருந்து கைவண்டியில் மணல் இழுத்துத் துளைகளை நிரப்பினார். மேடை அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருந்தது. பெரிய மனிதர்களின் பந்துகள் துள்ளித் துள்ளித் திசைமாறின. புல் மேடையை அலங்கோலமாக்கியமைக்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு முறைப்பாடு வந்தால் வேலை இல்லை என்று அது முடிந்தது.

மாரியில் தண்ணீர் மேடையில் ஒரு மணி நேரமும் தங்கவில்லை. புல் தழைத்தது. அதற்காக எவரும் கடிதம் அனுப்பவில்லை.

"இதை என்னங்க செய்யிற?" எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டி வசந்தாதேவி கேட்டார். "அடுப்புக்குள்ள போடவா?"

"ஏன் புள்ள? பத்திரத்தைக் கழட்டிப்போட்டு, அந்தச் சட்டத்துக்குள்ள போடு. ரெண்டும் ஒரே அளவுக் கடுதாசிதான்."