ஷாந்தியி அரண்மனையின் சொந்தக்காரன்

பிரான்சில் ஈழத்தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில் என்னைத் தெரியாத கடைக்காரர் கிடையாது. அதற்குக் காரணம் என் புகழ் அல்ல, அவர்களுடைய குளிரறைகள். மீன்கடையிலோ இறைச்சிக்கடையிலோ குளிர் நின்றுபோனால், "மடுத்தீன் அண்ணை, தண்ணி விடுது, ஓடி வாங்கோ" என்று அழைப்பு வரும். நானும் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். வார நாட்களில் ஒரு கொம்பனியில் சம்பளத்துக்கு இந்த வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் சனத்துக்கு ஒரு பிளேன்ரீக்கும் இரண்டு றோல்ஸுக்கும் அதே வேலை. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டு மீனைப் பழுதாகாமல் காத்து வருகிறேன். பிரான்சுக்கு நான் செய்த சேவை அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட என்னைத்தான் மூன்று வருடத்துக்கு முன் கொம்பனி ஆபிரிக்காவுக்கு அனுப்பியது. தோகோ நாட்டின் தலைநகரம் லோமே. அங்கே துறைமுகத்தில் உறைமீன் வைக்கும் பெரிய குளிரறைகளை இரண்டு வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு ஒருவரும் போக விரும்பாததால் என்னைத் தெரிவு செய்தார்கள். ஒப்பந்தத் தாளில் என் பெயருக்குக் கீழே 'எக்ஸ்பத்ரியே' என்று அடித்திருந்தது. வெளிநாட்டில் போய் வேலை பார்க்கும் கனவான்களுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் பேப்பர் இல்லாதவன், பிறகு அகதி, பிறகு பத்து வருடக் கார்ட்காரன், கடைசியில் பிரஜை. எல்லாப் பட்டங்களையும் விடியற்காலை வரிசையில் நின்றுதான் வாங்கினேன். இந்த ஒன்றுதான் நிற்காமல் கிடைத்தது.

வில்லியே லே பெல்லில், எங்கள் நாலாம் மாடி வீட்டில், மனைவி இம்மாகுலேற் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அகதியாப் போறவைக்கும் இவைக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"இவைக்குப் பிளேன் ரிக்கெற்றைக் கொம்பனி எடுத்துக் குடுக்கும்."

"அப்ப போட்டு வாங்கோ. பெட்டிக்குள்ளை மிளகாய்த்தூள் வைச்சுவிடுறன்."

மகள் கஜானியின் படிப்பைக் காரணம் காட்டித் தாயும் மகளும் நின்றுவிட்டார்கள். மிளகாய்த்தூளோடு இம்மாகுலேற் இன்னொன்றையும் பெட்டியில் வைத்தாள். வினை அதில்தான் வந்தது.

அது கஜானியின் சாமத்தியவீட்டுப் படம். பிள்ளை பெரியவளானால் மண்டபம் எடுத்து ஊரைக் கூட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். மண்டபத்துக்கு முதல், வெளியில் ஓர் அழகான இடத்தில் படம் பிடிப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. எங்கள் ஸ்ரேஷனில் ரயில் ஏறினால் அரைமணி நேரத்தில் ஷாந்தியி. அங்கே குளத்துக்கு நடுவில் ஒரு பழைய அரண்மனை நிற்கிறது. பக்கத்தில் குதிரைவண்டியும் வாடகைக்குக் கிடைத்தது. அரண்மனை பின்னால், உயரத் தொப்பி போட்ட வண்டிக்காரன் முன்னால், பட்டுச்சேலையில் கஜானி, வாடகை மணித்தியாலம் முடிகிறதே என்ற கவலையில் இம்மாகுலேற், புதுக் கோட்டில் நான். பெரிய பிரதி எங்கள் வீட்டுச் சுவரில் முக்கால்வாசியை மறைத்துக்கொண்டிருக்கிறது. சின்னப் பிரதி என்னோடு லோமேக்கு வந்தது.

லோமேயில் எனக்கு மதில் வைத்த வீடு, காவலாளி, சமையல்காரி, கார். காவலாளி எனக்கு சலூட் அடித்தான். முதல் கிழமை நானும் அவனுக்குத் திருப்பி அடித்தேன். தெருப்பிள்ளைகள் என்னைக் கண்டதும் "யோவோ, யோவோ" என்று பாடினார்கள். வெள்ளைக்காரனுக்கு அவர்கள் பாஷையில் அதுதான் சொல். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை சரியான கறுப்பு என்று குறை சொன்னவர் என் மாமியார். பிள்ளைகளின் அந்தப் பாட்டைத் தொலைபேசியில் பதிந்து அவருக்கு அனுப்பிவைத்தேன்.

இந்தப் பெருமை இரண்டு மாதம்தான் நீடித்தது. கடற்கரையில் எக்ஸ்பத்ரியேக்கள் கூடும் உணவகம் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிறு, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு நானும் போனேன். வாசலில் காரால் இறங்கிய ஒரு பிரெஞ்சுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்து, கார்ச்சாவியை என் கையில் வைத்தார். "நிழலில் நிறுத்து" என்றார். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நிழலில் நிறுத்தினேன். இரண்டு தென்னைக்கு நடுவில், கோடு போட்ட மாதிரி நிறுத்திவிட்டு, சாவியை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவமானத்தில் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை கொம்லான் வீட்டுக்கு வந்தார். கொம்லான் குளிரறைகளின் மேற்பார்வையாளர், என் வயதுக்காரர். என்னை 'பத்ரோன்', அதாவது முதலாளி, என்று கூப்பிடுபவர். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"பத்ரோன், இது உங்கள் வீடா?"

கையில் அந்தச் சாவி இன்னும் இருப்பதுபோல இருந்தது எனக்கு. "ஆம்" என்றேன்.

"குதிரைவண்டியும் உங்களுடையதா?"

"அது திருநாள்களில் மட்டும்."

பொய் சொல்வது சுலபம், அதைப் பராமரிப்பதுதான் குளிரறையை விடக் கஷ்டம். எத்தனை அறை என்று கொம்லான் கேட்டார். எண்ணவில்லை என்றேன். குளிர்காலத்தில் எப்படிச் சூடாக்குவீர்கள் என்றார். பாதியைப் பூட்டிவிடுவோம் என்றேன். கடைசியில் மனம் பொறுக்காமல் கோயிலில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். சின்னப் பொய் ஒன்று சொன்னேன் சுவாமி என்றேன். எதைப்பற்றி என்றார். ஒரு வீட்டைப்பற்றி. எவ்வளவு பெரிய வீடு என்றார். உண்மையைச் சொன்னேன். அரண்மனையா என்று குருவானவர் இன்னொரு தரம் கேட்டார்.

கொம்லான் தினமும் மத்தியானம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டார், ஞாயிறு பூசைக்குத் தன் காரில் ஏற்றிப் போனார். அந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே நண்பர் அவர்தான். அதனால்தான் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு வருடம் முடிந்து நான் திரும்பி வந்து, பழையபடி மீன்கடைகளில் குனிந்தேன். போன வசந்தத்தில் கொம்லானை மூன்று கிழமைப் பயிற்சிக்குக் கொம்பனி இங்கே கூப்பிட்டது. வந்த அன்றே தொலைபேசி எடுத்தார். "பத்ரோன், ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்."

உலகத்தில் ஒரேயொரு மனிதர் என்னைப் பெரிய ஆளாக நினைத்திருந்தார். ஞாயிறோடு அதுவும் போகப்போகிறது. அரண்மனைக் கூரை திருத்துகிறார்கள், அதனால் தற்காலிகமாக இங்கே இருக்கிறோம் என்று சொல்லலாமென்று ஒரு திட்டம் போட்டு, வீட்டில் ஒத்துழைப்புக் கேட்டேன். கஜானி என்னை வெட்கக்கேடு என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

"கூரையைப் பிரிச்சது நீங்கள், நீங்களே மேயுங்கோ" என்றாள் இம்மாகுலேற். "நான் கோழிக்கறி வைக்கிறன். அந்த மனிசனை வடிவாக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஸ்ரேஷனில் கொம்லான் இரண்டு அன்னாசிப்பழத்தோடு நின்றார். அன்றைக்கென்று லிஃப்ற் வேலை செய்யவில்லை. நாலு மாடியும் ஏறும்போது கூரைக் கதையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். கதவு திறந்தது. எதிர்ச் சுவரில் அரண்மனை, அதன் கீழே எங்கள் சாப்பாட்டு மேசை. கொம்லான் இரண்டையும் பார்த்தார்.

"கூரை..." என்று தொடங்கினேன்.

"கூரையை விடுங்கள், பத்ரோன். எங்களுக்குத் தெரியும்."

"எப்போதிருந்து?"

"நீங்கள் சொன்ன அன்றைக்கே. ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவிக் காயவைத்து, அதில் சோறு கட்டிக்கொண்டு வேலைக்கு வரும் மனிதருக்கு அரண்மனை எப்படி?"

சமையலறையில் இம்மாகுலேற் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அப்படியென்றால் ஏன் ஒருவரும் கேட்கவில்லை?"

கொம்லான் அன்னாசிகளை மேசையில் வைத்தார். "கடற்கரை உணவகத்துக் காவலாளி என் தங்கையின் புருஷன். அந்தச் சாவிக் கதையை அன்றிரவே சொன்னான். மறுநாள் நீங்கள் அரண்மனை உங்களுடையது என்றீர்கள். நாங்கள் எல்லோரும் பேசினோம். இந்த மனிதருக்கு இப்போது ஒரு வீடு தேவைப்படுகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவெடுத்தோம். உங்கள் சமையல்காரியிடமும் சொல்லிவைத்தோம்."

இரண்டு வருடம் நான் அவர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரு துறைமுகமே சேர்ந்து என்னைப் பாவம் பார்த்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு, என்மேல் இவ்வளவு அன்பா என்று கண்ணும் கலங்கியது. கறி உறைப்பு என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். கறி இன்னும் மேசைக்கு வந்திருக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்தபின் கொம்லான் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பத்ரோன், எனக்கு ஓர் உதவி. தொழிலாளர் விடுதியில் மூன்று பேரோடு ஓர் அறையில் படுக்கிறேன். ஆனால் எங்கள் நாட்டில் வடக்கே இருக்கும் மைத்துனனிடம், என் மனைவியின் தம்பியிடம், உங்கள் அரண்மனையில் தங்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். படம் கேட்கிறான்."

நான் எழுந்து போய் சாமத்தியவீட்டுக்குப் போட்ட அந்தப் புதுக் கோட்டை எடுத்து வந்தேன். என்னைவிட அவருக்கே அது பொருந்தியது. கஜானியையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். எனக்கு வேறு நல்ல உடுப்பு இல்லை, கொம்பனியின் மழை ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டேன். குளக்கரையில் கொம்லான் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நான் விலகப் போனேன். வீட்டுக்காரர் இல்லாமல் படமா என்று கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். கஜானி எடுத்தாள். கொம்லான் உடனே அனுப்பினார்.

அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்து அன்னாசித் துண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. கொம்லான் வாசித்தார். வாசித்துவிட்டுத் தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"என்னவாம்?"

"மைத்துனன் கேட்கிறான்..." அவருக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "பக்கத்தில் ஜக்கெற்றோடு நிற்பவர், அரண்மனைக்காரர் எனக்குத் தந்த சாரதியா என்று. மன்னியுங்கள், பத்ரோன். என்ன எழுத?"

நான் விரலைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆம் என்று எழுதுங்கள்" என்றேன். "திருநாள்களில் மட்டும் என்றும் சேர்த்துவிடுங்கள்."