இருபதாவது பிரசவம்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம். ஜவ்வாது மலைமேல் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்களில் ஆறு பேருக்கு ஒரு மாதம் போஸ்டிங் போட்டிருந்தார்கள். எனக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலம். மலை என்னவோ பக்கத்தில்தான், ஆனால் அதுவரை ஒரு தடவைகூட ஏறிப் பார்த்ததில்லை. குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போகவேண்டும் என்றுகூடத் தெரியாமல் போய், முதல் வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே வேலை பார்த்தேன்.

நர்சிங் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடைசி வருடத்தில் பரீட்சையைவிடப் பயமுறுத்துவது கேஸ் புக்தான். இத்தனை பிரசவம் பார்த்தேன், இத்தனை குழந்தைக்கு முதல் கவனிப்பு கொடுத்தேன் என்று ஒவ்வொன்றையும் எழுதி, கூட இருந்த சிஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் கல்லூரியில் இருபது பிரசவம் கேட்டார்கள். நான் பத்தொன்பதில் நின்றேன். கூட வந்த ஐந்து பேரும் முடித்துவிட்டு, "இன்னும் ஒண்ணுதானாடி?" என்று தினமும் விசாரிப்பார்கள். அந்தக் கேள்வியில் அக்கறை கொஞ்சம், குசும்பு நிறைய.

போஸ்டிங்கின் கடைசி நாளும் வந்துவிட்டது. மதியம் இரண்டு மணி பஸ்ஸில் கீழே இறங்க வேண்டும். தோழிகள் ஐவரும் தடுப்பூசி முகாமுக்கு ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் லேபர் ரூமைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒன்பது மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. வலியோடு ஒரு அக்கா இறங்கினார். இரண்டாவது பிரசவம். அவரைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொன்னால் அடிப்பீர்கள். அடுத்தவர் வலியில் துடிக்க, நான் மனதுக்குள் "இருபது" என்று குதித்தேன்.

பத்து இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நான்தான் கையில் வாங்கினேன். நஞ்சுக்கொடி முழுதாக வந்தது, ஊசி போட்டாயிற்று, குழந்தை வீறிட்டு அழுதது. எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பது மாதிரியே நடந்தது. சிஸ்டர் கையைக் கழுவிக்கொண்டே, "ரெண்டு மணி நேரம் நீதான் பாத்துக்கணும். கால் மணிக்கு ஒரு தரம் பல்ஸு, பி.பி., கர்ப்பப்பை, ரத்தப்போக்கு. கைய வெச்சுப் பாக்காம எழுதாத" என்று சொல்லிவிட்டு ஓ.பி.க்குப் போனார். டாக்டர் அன்று முகாமில் இருந்தார். ஓ.பி.யில் நல்ல கூட்டம்.

பிரசவம் முடிந்ததும் கர்ப்பப்பை சுருங்கி, தொப்புளுக்குக் கீழே ஒரு கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். இருந்தால் ரத்தம் நிற்கும். தொளதொளவென்று இருந்தால் நிற்காது. இதைப் பரீட்சையில் நான் தூக்கத்திலும் எழுதுவேன். கல்லூரி லேபில் பொம்மை வைத்துத் தொட்டுப் பழகியிருக்கிறோம். பொம்மையின் வயிறு எப்போது தொட்டாலும் கெட்டியாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் வேறு எப்படி இருக்கும்? நான் பார்த்த பத்தொன்பது தாய்மார்களுக்கும் கெட்டியாகவே இருந்தது. எனவே தொளதொளப்பு என்பது புத்தகத்தில் மட்டும் வருகிற விஷயம் என்று என் மண்டையில் எப்படியோ பதிந்துபோயிருந்தது.

பத்தரைக்கு ஒழுங்காகப் பார்த்தேன், எழுதினேன். பத்தே முக்காலுக்கும் பார்த்தேன். பதினோரு மணிக்குப் போர்வைக்கு மேலேயே லேசாகத் தொட்டுவிட்டு எழுதினேன். அப்புறம்தான் புத்தி போயிற்று. கேஸ் புக் எழுத வேண்டும், பையைக் கட்ட வேண்டும், தோழிகள் வந்ததும் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும். எப்படியும் இதையேதானே எழுதப்போகிறோம் என்று நாற்காலியில் உட்கார்ந்து, பதினொன்றே காலிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் கண்காணிப்பு ஷீட்டில் இருந்த ஆறு வரிகளையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று பல்ஸை மட்டும் எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தாறு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். அதில் எனக்கு ஒரு சாமர்த்தியம் வேறு.

"இன்னா நர்சம்மா, எழுதிக்கினே இருக்க?"

கட்டிலில் இருந்த அக்கா தலையைத் திருப்பி, என் மடியிலிருந்த ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையிலேயே விடுதிப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்து எல்லாம் படித்தாரோ இல்லையோ, ஓரத்தில் வரிசையாக இருந்த நேரத்தைப் படித்துவிட்டார். அப்புறம் கதவுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி இன்னும் பதினொண்ணேகால் கூட ஆவல. நீ பன்னண்டரை வரிக்கும் எழுதி முடிச்சிட்ட. நான் இன்னா ஆவேன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் குரல் மெதுவாக, களைப்பாக வந்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஏதோ உளறினேன். எழுதியதை எப்படியாவது உண்மையாக்கிவிடலாம் என்ற நினைப்பில் எழுந்துபோய், போர்வையை விலக்கி, வயிற்றில் கை வைத்தேன்.

பந்து இல்லை. தேடினேன். தொப்புளுக்கு மேலே ஏறிப்போய், பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று கிடந்தது. கையை அழுத்தியதும் கட்டி கட்டியாக ரத்தம் வந்தது. அடியில் விரித்திருந்த ரப்பர் ஷீட்டைப் பார்த்தால், இடுப்புக்குக் கீழே ஏற்கெனவே குளமாகத் தேங்கியிருந்தது. போர்வைக்கு மேலே ஒரு சொட்டுகூடத் தெரியவில்லை. பல்ஸைப் பிடித்தேன். நான் எழுதி வைத்த எழுபத்தெட்டு அல்ல அது. நூற்று இருபதைத் தாண்டி ஓடியது.

"சிஸ்டர்" என்று நான் போட்ட சத்தம் ஓ.பி. வரிசையைத் தாண்டிக் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். கத்தினேனே தவிர, கையை எடுக்கவில்லை. புத்தகத்தில் படித்தபடி உள்ளங்கையைக் குவித்து வட்டமாகத் தேய்த்தேன். விடாமல் தேய்த்தேன். ஒரு நிமிஷம் இருக்கும், கைக்கு அடியில் ஏதோ மெல்லத் திரண்டு இறுகுவது தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான்கு வருடம் படித்த படிப்பு அப்போதுதான் என் கைக்கு வந்து சேர்ந்தது.

சிஸ்டர் ஓடி வந்தார். ஒரு பார்வைதான், விஷயம் புரிந்துவிட்டது. ஊசி, டிரிப்ஸ், சிறுநீர் போக டியூப் எல்லாம் அவர் கையில் மளமளவென்று நடந்தது. ஆனால் நான் கையைத் தளர்த்தினால் கர்ப்பப்பையும் தளர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் ஆகும் என்றார். நல்லவேளை, ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. பக்கத்து அறையில் இன்னொரு பெண்ணுக்கு வலி வந்திருந்ததால் சிஸ்டரால் வர முடியவில்லை.

"நீ போ. இன்னா ஆனாலும் அந்தக் கைய மட்டும் எடுக்காத" என்று சொல்லி, ஷீட்டை மடித்து என் கோட்டுப் பையில் செருகினார். அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்குக் கிளம்பினோம். அக்காவின் கணவர் முன்சீட்டில், பிறந்து ஒரு மணி நேரமான குழந்தையைத் தன் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் அண்ணன் டிரிப்ஸையும் ஆக்ஸிஜனையும் பார்த்துக்கொண்டார். நான் முட்டி போட்டு, ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையை வயிற்றில் வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் போகும், கையை மட்டும் நகரவிடாமல் பிடிக்க வேண்டும். தோள் மரத்துப்போயிற்று.

"பேச்சு குடுத்துக்கினே வாம்மா, கண்ண மூட வுடாத" என்றார் அண்ணன்.

என்ன பேசுவது? வாயில் வந்ததைக் கேட்டேன். "அக்கா, உங்க நெலத்துல சாமை எப்ப அறுப்பீங்க?"

கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. "சாமைக்கும் கேவுருக்கும் வித்தியாசம் தெரியுமா மொதல்ல?"

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. அந்த நிலைமையிலும் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் சாமைக் கதிர் எப்படி இருக்கும், கேழ்வரகு எப்படி இருக்கும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாதியில் பேச்சு நின்றுவிட்டால் நான் "அக்கா, அப்புறம், அக்கா" என்று உலுக்குவேன். வழியில் மூன்று தடவை கர்ப்பப்பை தளர்ந்தது. மூன்று தடவையும் தேய்த்து இறுக வைத்தேன். ஒவ்வொரு தடவை இறுகும்போதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மலை இறங்கி ஆலங்காயம் தாண்டியபோது, இனி பிழைத்துவிடுவார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை, எனக்கு அப்படி நினைக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு லேடி டாக்டர் தயாராக நின்றார். ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டே என் பையிலிருந்த ஷீட்டை வாங்கிப் பார்த்தவர், ஒரு நொடி நின்றார்.

"பன்னண்டரைக்குக் கெட்டியா இருக்குன்னு போட்டிருக்கு. இப்ப மணி பன்னண்டு இருபது."

தப்பிக்க எனக்கு வழி இருந்தது. பதற்றத்தில் நேரம் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். ஆனால் எப்போதிலிருந்து ரத்தம் போகிறது என்பதைக் கேட்டுத்தான் அவர் எவ்வளவு ரத்தம் ஏற்றுவது என்று முடிவு செய்யப்போகிறார். அதில் பொய் சொன்னால் இத்தனை தூரம் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததற்கு அர்த்தமே இல்லை.

"பாக்காம முன்னாடியே எழுதிட்டேன் டாக்டர். முதல் ரெண்டு வரிதான் நெஜம். பதினோரு மணிக்கு மேலோட்டமா தொட்டேன். பதினொண்ணு பத்துக்குக் கை வெச்சப்போ தளர்ந்து கெடந்துச்சு."

அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்து ஏழு வரியையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தார். "சரி, உன் கை என்ன பாத்துச்சோ அத மட்டும் சொல்லு" என்றார். சொன்னேன். வழியில் மூன்று தடவை தளர்ந்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள், கதவு மூடிக்கொண்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அக்காவின் கணவர் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். "பொழச்சிக்குவாளா?" என்று என்னைக் கேட்டார். தெரியலண்ணா என்றேன். அன்றைக்கு நான் கொடுத்த பதில்களில் சரியான பதில் அதுதான்.

மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சாயந்திரம் நான்கு மணிக்குக் கதவைத் திறந்து, ரத்தம் நின்றுவிட்டது, ஆபத்து இல்லை என்றார்கள். அக்காவின் கணவர் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். எங்கள் இருவருக்கும் நடுவில் குழந்தை மட்டும் நிம்மதியாகத் தூங்கியது.

கல்லூரியில் எங்கள் மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். என் கேஸ் புக்கை வாங்கிப் புரட்டினார். பிறகு, அந்தக் கேஸ் இருபதில் சேராது, இன்னும் ஒரு வாரம் அதே இடத்தில் போஸ்டிங் என்றார். தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார். நான் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு குஷியாகக் கிளம்பினேன். அந்த அக்கா வீடு திரும்பிவிட்டாரா என்று பார்க்க எனக்கு அவ்வளவு அவசரம்.

திரும்பியிருந்தார். பிரசவம் ஆன பத்தாம் நாள் அவர் ஊருக்கு வீட்டுப் பார்வைக்குப் போனேன். போனால், அவர் கணவர் ஊர் முழுக்க "உசுரக் காப்பாத்துன பொண்ணு" என்று சொல்லி வைத்திருக்கிறார். ஒருவர் தேன் கொண்டுவந்து தருகிறார், ஒருவர் சாமை அரிசி தருகிறார். வாங்கவும் கூசியது, மறுக்கவும் முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "நீங்க அந்தக் கேள்வி கேக்கலன்னா நான் எழுந்தே வந்திருக்க மாட்டேன்க்கா. நான் காப்பாத்தல. நீங்கதான் உங்களக் காப்பாத்திக்கிட்டீங்க."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் சாதாரணமாக. "ஆனா கைய நீதானே வெச்சிருந்த. எறங்குற வரிக்கும் எடுக்கலியே."

நான் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். அவர் பேனாவைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தார்.

"மொதல்ல பாரு. அப்புறமா எழுது."

அழுத்தித் தேடிப் பார்த்தேன். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பத்தாம் நாள் அப்படித்தான் இருக்க வேண்டும், கர்ப்பப்பை தன் இடத்துக்கு இறங்கிப் போயிருக்கும். சொன்னேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். செல்போனில் மணியைப் பார்த்து, "பத்து நாப்பது, போட்டுக்க" என்றார்.

இப்போது நான் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். எத்தனை பிரசவம் என்று எண்ணுவதை விட்டு ரொம்ப நாளாகிறது. அவசரமான நாட்களில், இதையேதானே எழுதப்போகிறோம் என்று பேனா தானாக அடுத்த வரிக்கு ஓடப் பார்க்கும். அப்போதெல்லாம், நான் இன்னா ஆவேன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா என்று அந்த அக்கா கேட்பது காதில் விழுகிறது. தெரியாதுக்கா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பேனாவைப் பையில் வைத்துவிட்டு எழுந்து போகிறேன்.