நூல் கட்டிய கை

ரதோஸ்தினா டீச்சர் கேள்வி கேட்டால் வகுப்பில் இருக்கிற இருபத்திரண்டு பிள்ளைகளும் கை தூக்குவார்கள். ஒரு கைகூடக் கீழே இருக்காது. ஒஸாம் ஆற்றங்கரையில் எங்கள் ஊர்ப் பாலர் பள்ளிக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள். இருபத்தாறு வருட சர்வீஸ் அவளுக்கு. அவள் பாடம் நடத்தினால் ஐந்து வயதுப் பிள்ளைகள் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும் என்று ஊரே சொல்லும். பிள்ளைகள் ஏன் சிலை மாதிரி இருக்க வேண்டும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

எங்கள் பக்கம் திறந்த வகுப்பு என்று ஒன்று உண்டு. வெளியூர் டீச்சர்களும் மேலதிகாரிகளும் பின்னால் குட்டி நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பார்ப்பார்கள். டீச்சர் அவர்கள் முன்னால் பாடம் எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தரம் உயர வேண்டும், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நடப்பது என்ன? கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி இரண்டு வாரம் ஒத்திகை. எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை எழுந்து எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே முடிவாகிவிடும்.

ரதோஸ்தினா அதிலும் ஒரு படி மேலே போனாள். மார்ச் முதல் தேதி எங்கள் நாட்டில் எல்லோரும் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நூல் கட்டிக்கொள்வோம். வசந்தத்தின் முதல் நாரையைப் பார்க்கும்வரை அவிழ்க்கக் கூடாது. பார்த்ததும் அவிழ்த்துப் பூத்த மரத்தில் கட்டிவிட வேண்டும். அந்த வருடம் அவளே பிள்ளைகள் எல்லோருக்கும் இடது மணிக்கட்டில் நூல் கட்டிவிட்டுச் சொன்னாள்:

“கண்ணுங்களா, டீச்சர் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சவங்க வெறுங்கையைத் தூக்குங்க. தெரியாதவங்க நூல் கட்டின கையைத் தூக்குங்க. அவங்களை நான் கேட்கவே மாட்டேன், சரியா? இது நமக்குள்ள ரகசியம்.”

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ரகசியம் என்றால் போதாதா!

கலீனாவுக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் இருந்தது. அவளுக்குப் பதில் தெரியும், ஆனால் வருவதற்கு நேரம் ஆகும். கேட்டால் கூரையைப் பார்ப்பாள், சட்டைப் பொத்தானைத் திருகுவாள், ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகும். பிறகு சொல்வாள், சரியாகவே சொல்வாள். ஒத்திகையில் அவள் வெறுங்கையைத் தூக்கினாள். “நாரை ஏன் வருஷா வருஷம் அதே கூட்டுக்கு வருது?” என்று ரதோஸ்தினா கேட்டாள். கலீனா கூரையைப் பார்த்தாள். தலைமையாசிரியை ஸ்தோயான்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணு அன்னிக்கு இப்படி நின்னா நம்ம மானம் போயிடும் ரதோஸ்தினா,” என்றாள் ஸ்தோயான்கா, பிள்ளைகள் சூப் குடிக்கப் போன பிறகு. “பாத்து ஏதாவது பண்ணு.”

அவள் பார்த்துப் பண்ணிவிட்டாள். புதன்கிழமை சாயங்காலம், பிள்ளைகளின் சட்டை அலமாரிகள் வரிசையாக நிற்கும் நடையில் கலீனாவின் அம்மா நெவெனாவைப் பிடித்தாள். நெவெனா தையல் தொழிற்சாலையில் வேலை முடிந்து, கோட்டில் நூல்துண்டுகள் ஒட்டியபடி வந்திருந்தாள்.

“கலீனாவுக்குக் கொஞ்சம் இருமல் இருக்கு போல?” என்றாள் ரதோஸ்தினா, குரலில் தேன் தடவி. “நாளைக்கு ஒரு நாள் வீட்ல வச்சுக்கோங்களேன். பாவம், குழந்தைக்கு ஓய்வா இருக்கும்.”

குழந்தைக்கு இருமலும் இல்லை, ஒன்றும் இல்லை. நெவெனா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு காது மடல் சிவக்க, “ஆமா டீச்சர், கொஞ்சம் இருக்கு,” என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை திறந்த வகுப்பு அமர்க்களமாக நடந்தது. இருபத்தொரு கைகளும் உயர்ந்தன. கடைசியில் ரதோஸ்தினா கொண்டுவந்திருந்த பூத்த பிளம் கிளையில் பிள்ளைகள் தங்கள் நூல்களை அவிழ்த்துக் கட்டினார்கள். அன்று காலைதான் பள்ளிக்கூடத்துக்கு மேலே நாரை பறந்திருந்தது, அதுவும் அவள் அதிர்ஷ்டம். வந்தவர்களில் ஒரு அம்மாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்புறம் பனித்ஸா என்கிற பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பலகாரமும் மோரும் சாப்பிடும்போது இளவயது டீச்சர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“எப்படிங்க எல்லாப் பிள்ளையும் கை தூக்குது? எங்களுக்கும் சொல்லுங்களேன்.”

பாராட்டில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ரகசியத்தைச் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். “அட, பலே ஆளுங்க நீங்க!” என்றாள் ஒருத்தி. மூன்று பேர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். மேலதிகாரி கையைக் குலுக்கி, மே மாதம் இன்னும் அதிகம் பேரைக் கூட்டி வருகிறோம், நீங்களே நடத்திக் காட்டுங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை கலீனா வந்தாள். இருபத்தொரு மணிக்கட்டுகள் வெறுமையாக இருந்தன, அவளுடையதில் மட்டும் நூல். கிளை ஸ்தோயான்காவின் அறைக்கு அலங்காரமாகப் போயிருந்தது. “உன்னோடதை உங்க தோட்டத்துல கட்டிக்கோம்மா,” என்று போகிற போக்கில் ரதோஸ்தினா சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவர்கள் குடியிருப்பது நாலாவது மாடி.

முதலில் கவனித்தவள் வகுப்பு ஆயா கின்கா அக்காதான். ஏப்ரல் பாதியில் ஒருநாள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “டீச்சரம்மா, அந்தக் கலீனாப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? பருப்பு சூப் வேணுமாடின்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குது. அந்த அழுக்கு நூல் கையைத் தூக்கிக் காட்டுது.”

“சும்மா விளையாடுவா அக்கா.”

“விளையாட்டா? ஒரு வாரமா சூப்பே குடிக்கலை. விளையாட்டாம்ல!”

ரதோஸ்தினாவுக்குச் சுருக்கென்றது. அன்று மதியமே சோதித்துப் பார்த்தாள். உன் பேர் என்னம்மா? நூல் கை உயர்ந்தது. இது என்ன நிறம்? நூல் கை. அம்மா பேர்? நூல் கைதான். குழந்தை முறைக்கவும் இல்லை, அழவும் இல்லை. விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற பிள்ளையின் முகம் அது. என்னைக் கேட்க மாட்டேன் என்று சொன்னீர்களே, மறந்துவிட்டீர்களா என்பது மாதிரி பொறுமையாக அவளைப் பார்த்தது.

இது விளையாட்டுச் சமாசாரமாக நிற்கவில்லை. மே மாதக் கடைசிக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவள் ஒரு தாள் எழுதித் தர வேண்டும்: இந்தக் குழந்தை செப்டம்பரில் முதல் வகுப்புக்குத் தயார், அல்லது தயார் இல்லை. இருபத்தொரு தாள்கள் முடிந்துவிட்டன. கலீனாவின் தாள் மட்டும் காலியாக மேசை இழுப்பறையில் கிடந்தது. தானாக வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லாத பிள்ளைக்குத் தயார் என்று எழுத முடியாது. இல்லை என்று எழுதினால் குழந்தை இன்னொரு வருடம் இங்கேயே கிடக்கும், சேர்ந்து வந்தவர்கள் எல்லாம் போய்விடுவார்கள். யாருடைய தப்புக்கு யார் உட்கார்ந்திருப்பது? அந்த இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

அந்த விதி இனிமேல் கிடையாது என்று வகுப்பில் அறிவித்தாள். மற்றப் பிள்ளைகள் சரி என்று மறந்துவிட்டன. கலீனா மறக்கவில்லை. “நூலை அவிழ்த்துடலாமா கண்ணு?” என்று கேட்டபோது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சாயங்காலம் நெவெனா வரும் நேரத்தில் ரதோஸ்தினாவுக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போகத் தோன்றும். பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. இருபத்தாறு வருடம் மெச்சுதல் வாங்கிய பெரிய டீச்சர் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, குட்டிக் காலடிச் சத்தம் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்தாள். வெட்கக்கேடு. அவளே அதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அங்கே நிற்கும்போது பழைய பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு திறந்த வகுப்புக்கும் ஒருத்தர் இரண்டு பேருக்கு இருமலோ வயிற்றுவலியோ வரவழைத்திருக்கிறாள். சிலருடைய முகம் இருந்தது, பெயர் வரவில்லை. அதுதான் அவளை அதிகம் அறுத்தது.

மே மாதத் திறந்த வகுப்பு நாள் வந்தது. பதினேழு பேர் வந்து இறங்கினார்கள். யாரையும் வீட்டில் நிறுத்தக் கூடாது, ஒத்திகையும் கிடையாது என்று ரதோஸ்தினா தீர்மானித்திருந்தாள். ஸ்தோயான்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

விருந்தாளிகள் நடை வழியாக வரிசையாக உள்ளே வந்தார்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. கலீனா எழுந்தாள். லொக் லொக் என்று இரண்டு தடவை இருமினாள். வந்தவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து நடைக்குப் போய், செர்ரிப் படம் ஒட்டிய தன் அலமாரியைத் திறந்து, கோட்டை மாட்ட ஆரம்பித்தாள். வெயில் கொளுத்துகிற மே மாதத்தில்.

ரதோஸ்தினா ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டாள். “எங்கம்மா கிளம்பிட்டே?”

ஒரு மாதத்துக்கும் மேலாக அவளிடம் வாய் திறக்காத குழந்தை அப்போது பேசியது.

“ஆளுங்க வந்தா எனக்கு இருமல் டீச்சர். வீட்டுக்குப் போகணும்.”

கதவு திறந்திருந்தது. பதினேழு பேருக்கும் கேட்டது. ஸ்தோயான்கா மட்டும் சமாளிக்கப் பார்த்தாள். “குழந்தைக்கு நெஜமாவே உடம்பு சரியில்ல போலிருக்கு, பாவம்…”

“இல்லைங்க,” என்றாள் ரதோஸ்தினா. எழுந்து நிற்கவில்லை, முழங்காலிலேயே திரும்பிச் சொன்னாள். “இவளுக்கு இன்னிக்கும் ஒண்ணுமில்ல, மார்ச்லயும் ஒண்ணுமில்ல. நீங்க வந்தப்ப என் பேர் கெட்டுடக் கூடாதுன்னு நான்தான் இவளை வர வேண்டாம்னு சொன்னேன். நூல் கட்டின கை, வெறுங்கைன்னு சொல்லிக் குடுத்தேனே, அதையும் தயவுசெஞ்சு மறந்துடுங்க.”

பின்னாலிருந்து ஓர் இளவயது டீச்சர், மார்ச்சில் நோட்டில் குறித்துக்கொண்டவர்களில் ஒருத்தி, மெல்லச் சொன்னாள்: “எங்க வகுப்புல அதைத்தான் டீச்சர் இப்ப பண்றோம். நூல் கைப் பிள்ளைங்க நாலு பேர் இருக்காங்க.”

ரதோஸ்தினா குழந்தையின் பக்கம் திரும்பினாள். கலீனாவின் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

உள்ளே போய் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே பழைய கேள்வியைக் கேட்டாள். நாரை ஏன் அதே கூட்டுக்கு வருது? நூல் கை உயர்ந்தது. “பரவாயில்ல, நான் உன்னைத்தான் கேட்கிறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ.” குழந்தை கூரையைப் பார்த்தது, பொத்தானைத் திருகியது. ஸ்தோயான்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ரதோஸ்தினா பார்க்கவில்லை. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். இரண்டு நிமிடம் இருக்கும்.

“அது அதோட வீடு டீச்சர். வழி அதுக்குத் தெரியும்,” என்றாள் கலீனா. கையை மட்டும் கீழே இறக்கவில்லை.

அன்று மதியம் இழுப்பறையைத் திறந்து கலீனாவின் தாளில் ‘தயார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் கழிப்பறைக்கு ஓடவில்லை. செர்ரி அலமாரிக்குப் பக்கத்திலேயே நின்றாள். நெவெனா வந்ததும் தாளை நீட்டி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இன்றைக்கு நடந்ததைச் சொன்னாள், மார்ச்சில் தான் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதையும் சொன்னாள். “என்னை மன்னிச்சுடும்மா. பொய் சொன்னது நான். குழந்தை அதை நம்பிட்டா.”

நெவெனா தாளைப் படிக்கவே இல்லை. நாலாக மடித்துக்கொண்டே இருந்தாள்.

“உங்க பொய்யை மட்டும் நம்பலை டீச்சர்,” என்றாள். “நீங்க சொன்னதுக்கு நானும் ஆமான்னேன் பாருங்க. பொய் சொன்ன மாதிரி ஆயிடக் கூடாதேன்னு அன்னிக்குப் பூரா இவளுக்கு இருமல் மருந்து குடுத்தேன். வேண்டாம்மா, எனக்கு இருமலே இல்லைன்னு அழுதா. வாயைப் பிடிச்சு ஊத்தினேன்.”

கலீனா இருவருக்கும் நடுவில் நின்று, தானாகவே கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.